மலிவும் தரமும்: வன்னியில் கள்ளின் விலை குறித்த நூற்றாண்டு விவாதம்

குறைந்த விலையில் நல்ல மது கிடைக்குமா? கிடைத்தால் அது மக்களுக்கு நன்மையா, கேடா? மேற்கு நாடுகளில் இந்தக் கேள்வி பெரும்பாலும் வைன் போத்தலைச் சுற்றியே எழுகிறது. கழிவு விலையில் வரும் போத்தல்களில் எது நல்லது என்று அறிவதே அங்கு வாங்குவோரின் கவலை. இலங்கையின் வன்னிப் பகுதியில், அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில், வைன் அரிதான இறக்குமதிப் பண்டம். அங்கே இதே கேள்வி பனங்கள்ளையும், அதற்குப் போட்டியாக ஒரு பக்கம் சாராயத்தையும் மறுபக்கம் சட்டவிரோதமாக வடிக்கப்படும் கசிப்பையும் பற்றியது.

பூநகரியிலும் பளையிலும் முல்லைத்தீவுக் கரையோரத்திலும் இறக்கப்படும் கள்ளே வன்னியில் சட்டப்படி கிடைக்கும் மதுவகைகளில் மலிவானது. நேர்மையாக இறக்கி உடனே விற்றால் அதுவே கலப்படத்துக்கு இடம் குறைந்ததும்கூட. ஆயினும் அதை மலிவாகவே விற்க விடலாமா என்பதில் அரசும் மதுவிலக்காளரும் கூட்டுறவாளரும் மருத்துவத் துறையினரும் ஒருமித்த முடிவுக்கு வந்ததில்லை. ஒவ்வொரு தரப்பின் விடைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டையும் உண்டு.

விலை தரத்தைச் சொல்லுமா?

விலை கூடினால் தரமும் கூடும் என்ற நம்பிக்கை வைன் சந்தையிலேயே ஆட்டம் கண்டுவிட்டது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, விலையும் பெயரும் மறைத்து நடத்தப்பட்ட 6,000க்கு மேற்பட்ட சுவைப்புகளை ஆராய்ந்தது. பயிற்சி பெறாத சாதாரண மக்கள் விலை உயர்ந்த வைனைக் கூடுதலாக விரும்பவில்லை. சராசரியில் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள். அதே ஆண்டு கலிபோர்னியாவில் நடந்த மற்றொரு பரிசோதனையில், ஒரே வைனை 10 டொலர் என்றும் 90 டொலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டொலர் என்று சொல்லப்பட்டபோது அது கூடுதல் இன்பம் தந்தது. மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியின் செயற்பாடும் அதற்கேற்ப உயர்ந்தது.

இந்த முடிவுகளை அப்படியே கள்ளுக்குப் பொருத்த முடியாது. வைன் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கக்கூடிய பண்டம். திராட்சை விளைந்த ஆண்டு, தோட்டம், தயாரித்தவரின் பெயர் எல்லாம் அதன் விலையில் சேர்கின்றன. கள்ளின் ஆயுளோ மணிக்கணக்கில் முடிந்துவிடும். ஆயினும் ஒரு பாடம் இரண்டுக்கும் பொது: விலையைப் பார்த்துத் தரத்தை அறிய முடியாது. அப்படியானால் வாங்குபவருக்குத் தரத்தை அறிவிப்பது எது?

கள்ளின் தரம் எங்கே இருக்கிறது?

பனம்பாளையைச் சீவும்போது சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை சர்க்கரை இருக்கும். சாறு சேரும் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் நொதித்தல் தடைப்பட்டு இனிப்பான கருப்பநீர் கிடைக்கும். தடவாவிட்டால் முட்டியிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் சர்க்கரை மதுசாரமாக மாறி நூற்றுக்கு நான்கு முதல் ஆறு வரை எட்டும். கூடவே புளிப்பும் ஏறும். ஒரு நாள் கடந்தால் அது வினாகிரியை நோக்கிப் போகத் தொடங்கும்.

ஆகவே நல்ல கள்ளுக்கு வேண்டியவை கழுவிய முட்டி, இறக்கிய நேரம், மரத்துக்கும் குடிப்பவருக்கும் இடையிலுள்ள தூரம் என மூன்றுதான். இவற்றில் எதுவும் பெரும் செலவு பிடிப்பதல்ல. பக்கத்து வளவில் காலையில் இறக்கியதைக் கள்ளுக்கடையான தவறணையில் உடனே வாங்குபவர், பல மைல் தொலைவில் மாலையில் கூடுதல் விலை கொடுப்பவரை விட நல்ல கள்ளைக் குடிக்கிறார். கள்ளைப் பொறுத்தவரை மலிவும் தரமும் ஒரே காரணத்திலிருந்து, அதாவது அருகாமையிலிருந்து, பிறக்கின்றன. வைன் சந்தையில் இதற்கு இணையான நிலை அரிது.

ஆனால் இதே இயல்பு ஏமாற்றுக்கும் வழி திறக்கிறது. தேவை மிகுந்து வரத்துக் குறையும் நாட்களில் தண்ணீரும் சீனியும் சேர்த்துப் பெருக்கப்படும் கள்ளு இலங்கையின் பல பகுதிகளில் நெடுநாளைய முறைப்பாடு. பனை ஆண்டின் முற்பகுதியில்தான் தாராளமாகச் சுரக்கும். மற்ற மாதங்களில் தென்னங்கள்ளே கைகொடுக்க வேண்டும். இந்த இடைவெளியில் விற்பனை மட்டும் குறையாதிருந்தால் அந்தக் கள்ளு எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நியாயமே.

முதல் விடை: வரியும் அனுமதியும்

மதுவை வருவாய்க்கான வழியாகப் பார்ப்பது காலனிய அரசின் பழைய நிலைப்பாடு. 19ஆம் நூற்றாண்டில் சாராயக் குத்தகை இலங்கை அரசின் முக்கிய வருமானங்களில் ஒன்று. ஒரு பகுதியில் சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவர், கட்டிய பணத்தை மீட்க விற்பனையைப் பெருக்கியே ஆகவேண்டும். அந்த முறையின் கேடு அரசுக்கே தெரியவந்தபோது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பிறந்தது. இன்றைய மதுவரித் திணைக்களத்தின் சட்ட அடித்தளம் அதுவே.

அந்தச் சீர்திருத்தத்தின்போது அதிகாரிகள் சொன்ன வாதம் இன்றைக்கும் கேட்கிறது. கள்ளு மென்மையானது, மலிவானது; அதைச் சாராயத்திலிருந்து பிரித்து, எளிதில் கிடைக்கச் செய்தால் மக்கள் சாராயத்தை விட்டு விலகுவார்கள் என்பது அந்த வாதம். கணக்கு அதற்குத் துணை நிற்பதுபோலத் தோன்றும். நூற்றுக்கு ஐந்து மதுசாரமுள்ள ஒரு லீற்றர் கள்ளில் 50 மில்லிலீற்றர் மதுசாரம் உண்டு. நூற்றுக்கு 33.5 மதுசாரமுள்ள 750 மில்லிலீற்றர் சாராயப் போத்தலில் ஏறக்குறைய 250 மில்லிலீற்றர் உண்டு. ஐந்து லீற்றர் கள்ளைக் குடித்தால்தான் ஒரு போத்தல் சாராயத்துக்கு ஈடாகும்.

இந்த வாதத்தின் பலவீனம், மக்கள் ஒன்றை விட்டு மற்றதற்கு மாறுவார்கள் என்ற ஊகத்தில் இருக்கிறது. காலையில் கள்ளும் இரவில் சாராயமுமாக இரண்டையும் சேர்ப்பவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. அதோடு, வருமானத்தை எதிர்பார்க்கும் அரசு விற்பனை குறைவதை உண்மையில் விரும்புமா என்ற ஐயமும் நீங்கவில்லை. 2024இல் நாடெங்கும் வழங்கப்பட்ட புதிய மதுபான அனுமதிப்பத்திரங்களின் விவரம் அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வெளியானபோது, வடக்கு மாவட்டங்களுள் கிளிநொச்சிக்கே அதிக எண்ணிக்கை போயிருந்தது. உள்நாட்டுப் போரில் எல்லாவற்றையும் இழந்து மீண்ட ஒரு மாவட்டத்துக்கு இத்தனை மதுபானசாலைகள் எதற்கு என்று அப்போது எழுந்த கேள்விக்கு வருவாய்க் கணக்கால் விடை சொல்ல முடியாது.

இரண்டாவது விடை: மறுப்பு

மதுவை அறவே விலக்கும் குரல் தமிழில் மிகப் பழையது. சங்கப் பாடல்கள் கள்ளையும் தேறலையும் விருந்தின் பகுதியாகக் காட்ட, திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஒரு தனி அதிகாரமே ஒதுக்கியது. இலங்கையில் இந்தக் குரல் அரசியல் வடிவம் பெற்றது 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கங்களில். எப்.ஆர். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக்க போன்றோர் அதில் முன்னின்றனர். கள்ளுத் தவறணைகளைத் தனியாகத் திறப்பது ஊருக்கு ஊர் குடியைக் கொண்டுசெல்லும் என்பது அவர்களின் எதிர்ப்பு. மலிவே ஆபத்து என்பது இந்தத் தரப்பின் மையக் கருத்து.

அதன் நியாயத்தை இன்றைய வன்னியில் காண்பது கடினமல்ல. நாட்கூலியில் எவ்வளவு வீடு வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. பெண்கள் தலைமைதாங்கும் குடும்பங்களும் நுண்கடன் சுமையும் மிகுந்த பகுதிகள் இவை. பாடசாலைக்கும் கோயிலுக்கும் அருகில் மதுபானசாலை வேண்டாம் என்று கிராம மாதர் சங்கங்கள் எழுப்பும் கோரிக்கை, குடியின் விலையைக் குடிக்காதவர்கள் கொடுக்கிறார்கள் என்ற அனுபவத்திலிருந்து வருவது. எந்த விலைக் கொள்கையும் அந்தக் கோரிக்கைக்கு முதலில் முகங்கொடுக்க வேண்டும்.

தடையின் எல்லையைக் காணத் தமிழ்நாட்டின் அனுபவம் உதவும். அங்கே 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. பின்னர் மூடலும் திறப்புமாக மாறி மாறி வந்தது. 1987 முதல் கள்ளு இறக்குவது தடைசெய்யப்பட்டுள்ளது. ஆனால் 2003 முதல் மாநில அரசின் டாஸ்மாக் நிறுவனமே வன்மது வகைகளைச் சில்லறையாக விற்கிறது. மென்மதுவுக்குத் தடை, வன்மதுவுக்கு அரசுக் கடை என்ற இந்த அமைப்பில் கள்ளச்சாராயமும் ஒழியவில்லை. 2023 மே மாதத்தில் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெதனோல் கலந்த சாராயம் உயிர்களைப் பறித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கு மேற்பட்டோர் இறந்தனர். கள்ளுத் தடைதான் இதற்குக் காரணம் என்று நிறுவிவிட முடியாது. அண்டையிலுள்ள கேரளத்தில் கள்ளுக்கடைகள் சட்டப்படி இயங்குகின்றன. 1969 முதல் கள்ளுத் தொழிலாளருக்கு நலநிதிச் சட்டமும் உண்டு. ஆனால் அங்கும் குடியின் தீங்குகள் குறைவு என்று சொல்வதற்கில்லை.

மூன்றாவது விடை: கூட்டுறவு

மது நல்லதா கெட்டதா என்ற கேள்வியைத் தள்ளிவைத்து, அதை உண்டாக்குபவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டது மூன்றாவது தரப்பு. வடக்கில் முன்பு மரவரி முறை இருந்தது. சீவல் தொழிலாளி மரத்துக்கு இவ்வளவு என்று வரி கட்டி, கள்ளை மரத்தடியிலேயே விற்றார். 1970களின் தொடக்கத்தில் அந்த முறை போய்த் தவறணை முறையும் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களும் வந்தன. இன்று பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் என்ற பெயரில் இயங்குபவை இவற்றின் தொடர்ச்சியே. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. யாழ்ப்பாணத்து வடமராட்சியின் திக்கத்தில் பனஞ்சாராய வடிசாலையும் பின்னர் எழுந்தது.

கூட்டுறவின் தருக்கம் தெளிவானது. இடைத்தரகர் இல்லாததால் குடிப்பவருக்கு விலை கட்டுப்படியாகும்; இறக்குபவருக்கும் நிலையான விலை கிடைக்கும். யார் எப்போது இறக்கியது என்பது சங்கத்துக்குத் தெரியும் என்பதால் கலப்படமும் கட்டுப்படும். மலிவையும் தரத்தையும் ஒருசேரக் காக்க இதுவரை முன்வைக்கப்பட்டவற்றில் மிக முழுமையான யோசனை இதுவே. சாதியின் பெயரால் நூற்றாண்டுகளாக இழிவுபடுத்தப்பட்ட ஒரு தொழிலாளர் கூட்டத்துக்குச் சேமிப்பும் உறுப்புரிமையும் அமைப்பின் பலமும் தந்தது இதன் பெருஞ்சாதனை. அதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

இதன் பலவீனங்களும் கண்முன் உள்ளன. பருவத்தில் கள்ளு மிஞ்சுகிறது, பருவம் தவறினால் போதாமல் போகிறது. மிஞ்சியதை வடிக்கவோ போத்தலில் அடைக்கவோ முதலும் இயந்திரமும் வேண்டும். போத்தலில் அடைத்த கள்ளு புலம்பெயர் நாடுகளின் தமிழ்க் கடைகளுக்குப் போகிறது. ஆனால் கெடாமல் இருக்கச் சூடேற்றப்பட்ட அந்தப் பானம், பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிக்கும் உடன் கள்ளின் சுவையைத் தருவதில்லை. விலையும் மலிவாக இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தளைநாரும் பாளைக்கத்தியுமாக நாளுக்கு இரு தடவை மரமேறும் தொழிலுக்கு இளைஞர்கள் வருவது குறைந்து வருகிறது. விழுந்தால் உயிரோ முதுகெலும்போ போகும் வேலைக்குக் கிடைக்கும் மதிப்பும் காப்புறுதியும் போதாதபோது அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை.

நான்காவது விடை: பொதுச் சுகாதாரம்

உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், உடலுக்குப் பாதுகாப்பான மதுசார அளவு என்று ஒன்றில்லை என அறிவித்தது. இந்தப் பார்வையில் நல்ல மலிவு மது என்ற கருத்தே ஏற்கத்தக்கதல்ல; கள்ளிலும் வைனிலும் இருப்பது ஒரே மதுசாரம். விலையை உயர்த்துவதே குடியைக் குறைக்கும் உறுதியான வழி என்பது இத்தரப்பின் முடிவு. ஸ்கொட்லாந்து இதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்று. அங்கே 2018 மே முதல் மதுசார அலகு ஒன்றுக்கு 50 பென்சுக்குக் கீழே விற்கக்கூடாது என்று சட்டம் வந்தது. மதுசாரத்தால் நேரடியாக நேரும் மரணங்கள், சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 13.4 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. 2024 செப்டெம்பரில் அந்த அடிவிலை 65 பென்சாக உயர்த்தப்பட்டது.

இலங்கையும் வேறு வடிவில் இந்த வழியில் நடந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடுத்தது. 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் குற்றமாக்கியது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் மதுவரி அடுத்தடுத்து உயர்ந்தது. சாராயப் போத்தல் ஒரு தொழிலாளியின் நாட்கூலியை விழுங்கும் விலைக்குப் போனது.

இங்கேதான் ஸ்கொட்லாந்துக்கும் வன்னிக்கும் உள்ள வேறுபாடு தலைதூக்குகிறது. அங்கே மதுவின் பெரும்பகுதி கணக்கில் உள்ள கடைகளில் விற்பனையாகிறது. இங்கே விலை ஏறினால் குடிப்பவர் போகக்கூடிய இன்னொரு இடம் உண்டு. சீனியையும் ஈஸ்ற்றையும் ஊறவைத்த கோடாவைக் காட்டோரத்திலும் குளத்தோரத்திலும் காய்ச்சி வடிக்கும் கசிப்புக்கு வரியும் இல்லை, அளவும் இல்லை. காய்ச்சும் பாத்திரம் எது, சேர்த்த பொருள் எது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை. உலகில் குடிக்கப்படும் மதுசாரத்தில் ஏறக்குறைய கால்பங்கு எந்தக் கணக்கிலும் சேராதது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் மதிப்பிட்டது. கணக்கில் வராத பங்கு பெரிதாக உள்ள இடத்தில், விலை உயர்வு குடியைக் குறைத்ததா, மறைத்ததா என்பதை விற்பனைப் புள்ளிவிவரத்தைக் கொண்டு தீர்மானிக்க இயலாது.

போர் விட்டுச்சென்ற இடைவெளி

மேற்சொன்ன நான்கு விடைகளும் பனைகளும் ஏறுவோரும் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கின்றன. வன்னியில் அந்த எடுகோளே கேள்விக்குள்ளானது. போர்க்காலத்தில் பனங்குற்றிகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்டன. எறிகணைகளில் தலையிழந்த மரங்கள் மொட்டையாக நின்றன. ஒரு பனை பாளை விடப் பதினைந்து ஆண்டுகள் அளவில் ஆகும். போர் முடிந்த 2009க்குப் பின் மீள்குடியேறியவர்கள் நட்ட விதைகளில் நன்கு வளர்ந்தவையே இப்போதுதான் பயன்தரும் பருவத்தை நெருங்குகின்றன.

குடும்பங்கள் இடம்பெயர்ந்து சிதறியபோது தொழில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் தொடர்ச்சியும் அறுந்தது. மீள்குடியேற்றத்தின் பின் ஏ9 வீதி திறந்திருக்க, தெற்கிலிருந்து போத்தல் மதுவும் நூற்றுக்கு 8.8 மதுசாரமுள்ள கடும் பியரும் தடையின்றி வந்தன. உள்ளூர்க் கள்ளு எழுந்து நிற்குமுன்பே சந்தை நிரம்பிவிட்டது. இந்தக் கால ஒழுங்கைக் கணக்கில் எடுக்காமல், வன்னி மக்கள் கள்ளை விட்டு வன்மதுவுக்குத் தாமாக மாறிவிட்டார்கள் என்று முடிவுகட்டுவது அவசரம்.

எதுவரை தெளிவு, எது திறந்திருக்கிறது

சில விடயங்களில் ஓரளவு உறுதியாகப் பேச முடியும். விலை தரத்துக்கு நம்பகமான சான்றல்ல. கள்ளில் தரம் நேரத்தையும் சுத்தத்தையும் பொறுத்தது. முழுத்தடை குடியை ஒழித்ததற்குத் தமிழ்நாட்டின் வரலாறு சான்று தரவில்லை. விலை உயர்வு பயன்தரும். ஆனால் கணக்கில் வராத மது குறைவாக உள்ள நாடுகளில்தான் அந்தப் பயன் நன்கு நிறுவப்பட்டிருக்கிறது. சீவல் தொழிலாளரின் வாழ்வை உயர்த்தியதில் கூட்டுறவுக்கு நிகரான வழி வடக்கில் இன்னும் உருவாகவில்லை.

உறுதியாகச் சொல்ல முடியாதவை மூன்று. முதலாவது, 1912இல் எழுந்த அதே கேள்வி: நல்ல கள்ளு மலிவாகக் கிடைத்தால் கசிப்பும் சாராயமும் குறையுமா, அல்லது மொத்தக் குடி கூடுமா? இரண்டாவது, போத்தலில் அடைப்பதும் ஏற்றுமதியும் கூட்டும் மதிப்பில் எவ்வளவு பங்கு மரமேறுபவரைச் சென்றடைகிறது? மூன்றாவது, மதுசார அளவைப் பொறுத்து வரி விதிக்கும் முறையைக் கள்ளு, பியர், சாராயம் மூன்றுக்கும் ஒரே சீராக விரித்தால் வன்னியில் விளைவு என்னவாகும்?

இவற்றுக்கு விடை காண, தவறணை திறந்துள்ள கிராமங்களையும் இல்லாத கிராமங்களையும் ஒப்பிட்டு, வீட்டுச் செலவையும் வைத்தியசாலைப் பதிவையும் கசிப்புப் பிடிப்பையும் சில ஆண்டுகள் தொடர்ந்து நோக்கும் ஆய்வு தேவை. அதை மாவட்டச் செயலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் மாதர் அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்தே செய்ய முடியும். வவுனியாவில் ஒரு பல்கலைக்கழகமும் கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்களும் இயங்குவதால் அதற்கான அறிவுவளம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. அத்தகைய தரவுகள் வரும்வரை புதிய அனுமதிப்பத்திரம் வழங்குவதிலும், தவறணைகளை மூடுவதிலும், கள்ளின் வரியை மாற்றுவதிலும் நிதானம் காட்டுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. முட்டியின் சுத்தம், இறக்கிய நேரத்தைத் தவறணையில் எழுதிவைத்தல், மரமேறுவோருக்கான காப்புறுதி ஆகிய மூன்றையும் மேம்படுத்த எந்த ஆய்வுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.